டி.ஐ.யின் பேலன்ஸ் ஷீட்

"ராப்பர்னா பாடுறதை வாழ்ந்து காட்டணும், இல்லேன்னா அவன் டூப்பு." ராப் கேட்கும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது. போலீஸ் கேஸ், ஜெயில் எல்லாம் இருந்தால்தான் 'ஒரிஜினல்' என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. என் சாட்சி, டிராப் இசையைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டி.ஐ.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவின் அட்லாண்டா பக்கம், போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு 'டிராப்' என்று பேர். பொறி என்றும் அர்த்தம். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். அந்த வாழ்க்கையைப் பற்றிய வரிகள், கீழே ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் நெஞ்சை அதிர வைக்கும் பேஸ். இதுதான் டிராப் இசை.

டி.ஐ.யின் நிஜப் பெயர் கிளிஃபோர்ட் ஹாரிஸ். 1980-ல் பிறந்து, அட்லாண்டாவின் பாங்க்ஹெட் பகுதியில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். டீன் ஏஜிலேயே போதைப்பொருள் விற்றுத் தண்டனையும் வாங்கியவர்.

பி.காம் படிக்கிறவன் என்பதால் வரவுப் பக்கத்தை முதலில் பார்க்கிறேன் :) 2001-ல் வந்த முதல் ஆல்பம் 'ஐம் சீரியஸ்' சரியாக ஓடவில்லை. இசை கம்பெனியுடனான ஒப்பந்தமும் போனது. மனுஷர் உட்கார்ந்து அழவில்லை. 'கிராண்ட் ஹஸில்' என்று சொந்தமாக ஒன்றை ஆரம்பித்தார். மிக்ஸ்டேப் போட்டு ஊருக்குள் ஆள் சேர்த்தார். பிறகு அட்லாண்டிக் கம்பெனியுடன் கைகோத்தார். 2003-ல் 'டிராப் மியூசிக்' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 4-வது இடம். 2006-ல் 'கிங்' முதல் இடம். அதே வருடம் 'ஏடிஎல்' படத்தில் ஹீரோ.

இப்போது செலவுப் பக்கம். 2006 மே மாதம், சின்சினாட்டியில் நிகழ்ச்சிக்குப் பிறகு நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய நெருங்கிய நண்பர் இறந்துபோனார். அடுத்து தனக்கும் ஆபத்து வரும் என்ற பயம். ஆனால் பழைய தண்டனை இருப்பதால் அவர் துப்பாக்கி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். 2007 அக்டோபர் 13, பிஇடி ஹிப் ஹாப் விருது விழாவுக்குச் சில மணி நேரம் முன்னால், மெஷின் கன் வாங்கிய வழக்கில் கைதானார்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான். வீட்டுக்காவலில் இருந்தபடி அவர் செய்த ஆல்பம் 'பேப்பர் டிரெயில்' (2008). மனசுக்குள்ளேயே வரிகளைக் கட்டும் பழக்கத்தை விட்டு, மறுபடியும் தாளில் எழுத ஆரம்பித்தார். ஆல்பத்தின் பெயரே அதனால்தான். முதல் வாரத்தில் மட்டும் 5,68,000 பிரதிகள் விற்றன. அதிலிருந்த 'வாட்டெவர் யூ லைக்', 'லிவ் யுவர் லைஃப்' இரண்டும் பில்போர்டில் முதலிடம். முதலாவது, காதலிக்கு வாக்குக் கொடுக்கும் பாட்டு. இரண்டாவது, ரிஹானாவோடு பாடியது. இரண்டிலும் டிராப் வீட்டுக் கதை கிடையாது. (இதே ஆல்பத்தின் 'ஸ்வாகா லைக் அஸ்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பெண் குரல், ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஐ.ஏ.வுடையது. 2009-ல் கிராமி வாங்கிய பாட்டு!)

ஆக, அவரை உச்சிக்குக் கொண்டுபோனது எழுத்து. துப்பாக்கி கொடுத்தது ஜெயில் மட்டும்தான். 2009-ல் ஒரு வருடம் ஒரு நாள் தண்டனை. வெளியே வந்து, 2010-ல் மறுபடி கைது, 11 மாதம். மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போது கடைக்குப் பூட்டு!

இன்னொன்றும் சொல்லணும். 1,000 மணி நேரத்துக்கு மேல் இளைஞர்களிடம் பேசும் சமூக சேவை செய்ததால்தான் தண்டனை இவ்வளவு குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பாங்க்ஹெட்டில் பேர் தெரியாத ஒரு பையன் இதே குற்றத்தில் மாட்டினால் இந்தப் பேரம் கிடைக்குமா? 'வாழ்ந்து காட்டணும்' என்று கைதட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்ட கஷ்டம் பாட்டுக்கு மூலப்பொருள். அதற்காக ஒவ்வொரு வருடமும் புதுசாகப் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. 2018-ல் டி.ஐ.யே அட்லாண்டாவில் டிராப் இசைக்கு ஒரு மியூசியம் திறந்தார். அதே கதை, ஆனால் யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை.

நம்பிக்கை வரவில்லையா? 'டிராப் மியூசிக்', 'பேப்பர் டிரெயில்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பிறகு சண்டைக்கு வாங்க :)