வைத்தியத்துக்கு வழிச்செலவு

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்ததும் உப்பளங்கள் கண்ணைப் பறிக்கும். இந்தச் சாலையின் வட கோடியிலுள்ள சென்னைக்கு அயல்நாட்டார் வைத்தியம் தேடி வருகிறார்கள். தென் கோடியிலுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கு உப்பளத் தொழிலாளிகள் போகிறார்கள்.

அயல்நாட்டார் வருவதற்குச் செலவு குறைவுதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. பிரிட்டனில் இடுப்பு மூட்டு மாற்ற அரசாங்கம் கட்டணம் கேட்பதில்லை; ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரிக்கு வங்காளிகள் அத்தனை தூரம் வருவது, போய்வந்த ஊர்க்காரர் சொன்ன சொல்லை நம்பித்தான். அங்கே விடுதிப் பலகைகளில்கூட வங்க எழுத்தைக் காணலாம். 2024-ல் விசா கெடுபிடி வந்ததும் வங்க தேசத்தார் வருகை குறைந்தது. ஆக விலை, காத்திருப்பு, நம்பிக்கை, மொழி, வழி எல்லாம் சேர்ந்துதான் நோயாளியை நகர்த்துகின்றன.

உப்பளத்தாருக்கும் இதே கணக்குத்தான். வெயிலும் உப்பின் வெண்மையும் கண்ணை உறுத்துகின்றன. உப்பு நீர் பாதங்களைப் புண்ணாக்குகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணம் கேட்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆயினும் பஸ் கட்டணம் உண்டு. ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவர் கூலியும் போகும். வேலை இருக்கும்போது நேரமில்லை. மழை வந்து வேலை நின்றால் கையில் காசில்லை. இலவச வைத்தியமும் ஏழைக்கு இலவசமாவதில்லை!

இதை அனுபவத்தில் கண்டவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் அவர். அறுவை இலவசம் என்றாலும் போக்குவரத்தும் சாப்பாடும் ஜனங்களைத் தடுப்பது அங்கே தெரியவந்தது. அதனால் கிராமங்களில் முகாம் நடத்தி, அறுவை தேவைப்படுவோரைப் பஸ்ஸில் அழைத்துப் போய், சோறும் போட்டு, வீடு சேர்க்கும் முறை வந்தது. கூட்டம் தானாக வந்தது.

மரக்காணத்துக்கு வேண்டியதும் அதுதான். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தமிழக அரசு வழங்கத் தொடங்கியது நல்ல காரியம். அது வயிற்றுக்கே சரியாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வேலையில்லாத அந்த நாட்களிலேயே கண்ணுக்கும் காலுக்கும் உப்பளத்தருகே முகாம் நடத்த வேண்டும். மேல் சிகிச்சைக்கு வாகனமும், துணைக்கு வருபவருக்குப் படியும் தர வேண்டும்.

விமான நிலையத்தில் அயல்நாட்டு நோயாளியை வரவேற்க வண்டி காத்திருக்கிறது. உப்பளத்து வரப்பருகேயும் ஒரு வண்டி வந்து நிற்கட்டும்.