தாடி ஓணானும் தில்லியின் மே மாதமும்

ஏப்ரல் பிறந்ததும் தில்லியில் ஊர்வன வளர்ப்போரிடையே ஒரே வகையான படம் சுற்றத் தொடங்குகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் தாடி ஓணான் ஒன்று வாயை அகலத் திறந்தபடி அமர்ந்திருக்கும். 'சிரிக்கிறான் பாருங்கள்' என்று கீழே எழுதியிருப்பார்கள். வியர்க்கும் வசதியற்ற ஓர் உயிர், வாயின் ஈரத்தை ஆவியாக்கித் தன் தலைச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் காட்சி அது. விளக்கின் நேர்கீழே அமர்ந்து அவ்வாறு செய்தால் அஞ்ச வேண்டியதில்லை. வேண்டிய சூடு கிடைத்துவிட்டது, சற்று நேரத்தில் தானே இறங்கிப் போய்விடும். தொட்டியின் கடைக்கோடியில், விளக்கிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, அங்கும் வாயைத் திறந்தபடி இருந்தால் நிலைமை வேறு. அதற்கு இனி ஓட இடமில்லை.

செல்லப்பிராணிச் சந்தையில் 'பியர்டட் டிராகன்' என்று விற்கப்படும் இந்த உயிர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்களுக்கு உரியது. நம் வேலியோரத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்து வைத்திருக்கிறது. எனவே உலகெங்கும் வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் கூண்டுகளில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதைப் போல என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அதில் தொல்லை மடிக்கு உரியது. தில்லியின் மேல்மாடி வாடகை வீடுகளில் நடப்பதோ தலைகீழ்; தொல்லை முழுவதும் ஓணானுக்கு.

'பாலைவனத்துப் பிராணிதானே, வெயில் அதை என்ன செய்துவிடும்?' என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலான மரணங்கள் தொடங்குகின்றன. தாடி ஓணான் விரும்பும் உடல் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். மனித உடல் தன் வெப்பத்தை உள்ளிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. இதுவோ இடம் மாறி இடம் மாறித்தான் அதைப் பெறுகிறது. காட்டில் காலையில் வேலிக்கம்பத்தின்மேலோ பட்ட மரத்தின்மேலோ ஏறி, உடலைத் தட்டையாக்கி, தோலின் நிறத்தைக் கருக்கிக்கொண்டு வெயில் காயும். சூடேறியதும் நிறம் வெளிறும். நண்பகலில் புதர் நிழலுக்கோ வளைக்கோ போய்விடும். அல்லது கொதிக்கும் தரையை விட்டுக் காற்றோட்டமுள்ள கிளைக்கு ஏறிவிடும். நம் தார்ப் பாலைவனத்து முள்வால் பல்லியும் கோடை நண்பகலை வளைக்குள்தான் கழிக்கிறது. வளையின் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளவும் செய்கிறது. பாலைவன உயிர்களின் திறமையில் பெரும்பகுதி வெயிலிலிருந்து தப்பும் திறமைதான். நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி அந்தத் திறமையைப் பயனற்றதாக்கிவிடுகிறது. ஆபத்தின் எல்லையும் அந்த 35 டிகிரிக்கு மேலே வெகு தொலைவில் இல்லை. சில டிகிரிகளே இடைவெளி.

வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே அறை ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஒரு முனையில் விளக்கைப் பொருத்தினால் அதன் கீழ் 40 டிகிரியும் மறுமுனையில் 25 டிகிரியும் தாமாகவே அமைந்துவிடும். அந்தக் கையேடுகளின் கவலை எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்பதுதான். எந்த விளக்கு, எத்தனை வாட், எவ்வளவு உயரம் என்று பக்கம் பக்கமாகப் பேசும். தில்லியில் மே மாதத்து மேல்மாடி அறை விளக்கு எதுவுமின்றியே 36 டிகிரியில் நிற்கும். அங்கே குளிர்ந்த முனை என்ற ஒன்றே இராது. கையேட்டைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் நல்ல மனத்தினரே தம் ஓணானைச் சுட்டுக் கொல்லும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது.

பகலைக் காட்டிலும் இரவைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் கடுங்கோடையான ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 36 டிகிரியைத் தொடுகிறது. இரவில் 21 வரை இறங்குகிறது. அந்தப் பதினைந்து டிகிரி இறக்கம் அந்நிலத்து உயிர்களுக்கு நாள்தோறும் கிடைக்கும் ஓய்வு. கான்கிரீட் கூரையோ பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். 2024 ஜூனில் தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரியைத் தாண்டியது. மனிதர்கள் உறங்க முடியாமல் மொட்டைமாடிக்குப் போனார்கள். தொட்டிக்குள் இருப்பதற்கு அந்த வழியும் இல்லை. இரவிலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று சொல்லிச் சில கடைகள் அதையும் சேர்த்து விற்பதை என்னவென்று சொல்வது? இந்த உயிருக்கு இரவில் இருளும் குளிர்ச்சியும்தான் வேண்டும்.

தொட்டியைச் சன்னலோரம் வைப்பது பரவலான இன்னொரு தவறு. 'இயற்கை வெயில் கிடைக்கட்டும்' என்ற நல்லெண்ணம்தான் காரணம். எலும்பு வலுப்பெற வேண்டிய டி3 உயிர்ச்சத்தை உடல் தயாரிக்க புறஊதா பி கதிர் தேவை. சாதாரண சன்னல் கண்ணாடி அக்கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஆனால் வெப்பத்தை உள்ளே விட்டுவிடுகிறது; தொட்டியின் கண்ணாடி அதை வெளியேற விடுவதுமில்லை. வெயிலின் பயன் வெளியே நின்றுவிட, அதன் கொடுமை மட்டும் உள்ளே வருகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பதும் இதுவே. உண்மையான வெயில் தரவேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குப் பால்கனியில், கம்பிவலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, கண்முன்னே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தரலாம்.

இவற்றையெல்லாம் அளந்தால்தான் தெரியும். அளப்பதிலும் ஏமாற்று உண்டு. தொட்டியோடு இலவசமாகத் தரப்படும் வட்ட முகப்பு வெப்பமானி கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். அது காட்டுவது கண்ணாடியையும் அதை ஒட்டிய காற்றையும்தான். ஓணான் படுத்திருக்கும் கல்லின் சூட்டைச் சொல்லாது. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரையும், மறுமுனை 25 முதல் 28 வரையும் இருப்பது வளர்ந்த ஓணானுக்கு ஏற்றது. கல்லை அளக்க அகச்சிவப்பு வெப்பமானியும், மறுமுனையின் காற்றை அளக்க உணர்கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானியும் வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடலின் குறுகிய எல்லைக்கென்று அமைக்கப்பட்டது. பட்டறைகளில் பயன்படும் வகையே வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் 'ஹீட் ராக்' எனும் செயற்கைக் கல்லை எந்த நாட்டிலும் எந்தப் பருவத்திலும் வாங்க வேண்டியதில்லை. இந்த உயிர்கள் மேலிருந்து வரும் வெப்பத்துக்குப் பழகியவை. வயிறு வெந்த பின்பும் அக்கல்லின்மேலேயே படுத்திருக்கும்.

அப்படியானால் மே மாதத்தில் செய்ய வேண்டியது என்ன? முதலில் அறையைக் குளிர்விக்க வேண்டும். பிறகு அந்தக் குளிர்ந்த அறைக்குள் ஓரிடத்தை மட்டும் சூடாக்க வேண்டும். ஏசியை 26இல் வைத்துவிட்டு அதே அறையில் வெப்ப விளக்கையும் எரிப்பது கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் எங்கே போவது என்பதை ஓணானே தேர்ந்துகொள்ள அதைத் தவிர வேறு வழியில்லை. விளக்கைக் குறைந்த வாட்டுக்கு மாற்றி, தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து, காலை சில மணி நேரம் மட்டும் எரியவிடலாம். புறஊதா விளக்கு தனியாக இருந்தால் அது பகல் முழுவதும் எரியலாம். குழல் வடிவில் வருவது அதிகம் சூடேற்றாது.

ஏசி இல்லாத வீடுகளில் கூலர்தான் துணை. இதில் பருவம் பார்க்க வேண்டும். லூ வீசும் மே மாதத்தில் காற்று எலும்புபோல் உலர்ந்திருக்கும். அப்போது கூலர் அறையை உண்மையிலேயே பல டிகிரி குளிர்விக்கும், கூடும் ஈரப்பதமும் ஓரளவு தாங்கக்கூடியதே. தொட்டியின் மேல்மூடி கம்பிவலையாக இருக்கட்டும். கூலரின் காற்று நேராக அதன்மேல் வீசாதிருக்கட்டும். ஜூலையில் மழை வந்த பின்பு அதே கூலர் குளிர்ச்சி தராது, ஈரத்தை மட்டும் ஏற்றும். வறள்நிலத்து நுரையீரலுக்கு அந்தப் புழுக்கம் மூச்சு நோயைத் தரும். மின்தடைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்: இன்வெர்ட்டர் மின்விசிறியை ஓட்டும், ஏசியை ஓட்டாது. உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு பக்கச் சுவரோடு வெளியே சாய்த்து வைத்தால் இரண்டு மணி நேரம் சமாளிக்கலாம். சூட்டில் துவண்டுபோன ஓணானைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துபவர்கள் உண்டு. அது இன்னோர் அதிர்ச்சி. நிழலான இடத்தில், ஆழமற்ற இளஞ்சூட்டு நீரில் காலும் வயிறும் நனையும்படி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைவதே முறை.

ஜனவரிக்கு எதிர்த்திசைக் கவலை. அறை 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். அப்போது அந்த வெளிநாட்டுக் கையேடுகள் முழுமையாகப் பொருந்தும், அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே முட்டை பொரிக்க வைத்து விற்போர் மறந்துவிடும் ஒன்று உண்டு. தாடி ஓணானின் பால், குரோமோசோம்களாலும் வெப்பத்தாலும் சேர்ந்து முடிவாகிறது. அடைகாக்கும் வெப்பம் 32 டிகிரிக்கு மேலே போகப் போக, மரபணுப்படி ஆணாக வேண்டிய கருக்கள் பெண்ணாக வளரத் தொடங்குகின்றன. 2007இல் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட இச்செய்தி, 2015இல் ஆஸ்திரேலியக் காடுகளிலும் நிகழ்வதாகக் கண்டறியப்பட்டது. குளிரூட்டும் வசதியில்லாத பெட்டியில், ஜூன் மாத அறைச் சூட்டில் முட்டைகளை வைப்பவர் தாம் எதை விற்கிறோம் என்பதையே அறியாமல் விற்கிறார்.

இவ்வளவுக்கும் எதிராக எழக்கூடிய நியாயமான கேள்வி ஒன்றுண்டு. தகரக் கூரையின்கீழ் மனிதக் குழந்தைகள் மின்விசிறிகூட இன்றி உறங்கும் நகரத்தில் ஒரு பல்லிக்கு ஏசியா? கேள்வியில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தக் கேள்வி ஓணானை வாங்குவதற்கு முன்பு கேட்கப்பட வேண்டியது. வாங்கிக் கொண்டுவந்து பெட்டியில் அடைத்த பிறகு அதைக் கேட்பவர், தம் செலவை மிச்சப்படுத்த அந்தக் குழந்தைகளைச் சாட்சிக்கு இழுக்கிறார். ஏசியோ கூலரோ வைத்து ஓர் அறையையேனும் 30 டிகிரிக்குள் வைத்துக்கொள்ள முடியாதவர், மே மாத மின்கட்டணத்தை நினைத்து இப்போதே தயங்குபவர், இந்த உயிரை வாங்காமலிருப்பதுதான் சரி. நன்றாகப் பேணினால் பத்தாண்டுகள் வரை வாழும் உயிர் இது. ஒன்றல்ல, பத்துக் கோடைகளுக்குக் கணக்குப் போட வேண்டும்.

விற்பவரின் பொறுப்பு இதைவிடப் பெரிது. தொட்டி, விளக்கு, கல், அலங்காரக் கள்ளி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் வீடு எத்தனையாவது மாடி, அறையில் ஏசி உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் விற்பனை குறையும் என்று அவருக்குத் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை குஞ்சுகளை விற்பதில்லை என்று வளர்ப்போரும் விற்போரும் தமக்குள் முடிவு செய்துகொள்ள யாருடைய ஆணையும் தேவையில்லை. உடல் சிறிது என்பதால் குஞ்சு பெரியதைவிட விரைவாகச் சூடேறும். பொட்டலத்தில் அடைபட்டு ரயிலிலும் பேருந்திலும் வரும் அந்த மாதங்களில், எத்தனை குஞ்சுகள் வழியிலேயே இறந்தன என்று எந்தக் கடையும் பலகையில் எழுதி வைப்பதில்லை.