அஞ்சியோர் கோழையரா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைக் கடந்ததும் சோழவரம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கு அமைந்த விமான ஓடுதளத்தை நம்மவர் பின்னாளில் கார்ப் பந்தயத்தால்தான் அறிந்தனர். அதே போரில் ஐரோப்பிய வானில் பறந்தோரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். லங்காஸ்டர் போன்ற கனரக விமானத்தில் எழுவர் செல்வர். முப்பது முறை சென்று மீண்டால் ஓய்வு. முறைக்கு நூற்றில் நான்கு விமானங்கள் வீழ்ந்தால், முப்பதாம் முறை முடிகையில் எஞ்சுவன முப்பதுக்கும் குறைவே. 1944 மார்ச் 30 இரவு நூரம்பெர்க் நோக்கிச் சென்ற 795 விமானங்களுள் 95 திரும்பவில்லை. விடிந்தால் வெறுங்கட்டில்கள், மாலைக்குள் புதுமுகங்கள். இக்கணக்கைப் போடப் பள்ளிப்படிப்பே போதும். அவ்விளைஞர்கள் நாள்தோறும் போட்டனர்.

இனிப் பறக்க இயலாது என்று மறுத்தோரை ‘மனத்திண்மை அற்றவர்’ என ஏட்டில் குறித்துச் சின்னத்தைப் பறித்தனர். பலமுறை சென்று மீண்டவரும் இப்பழிக்குத் தப்பவில்லை. தளர்ச்சி பிறரையும் தொற்றும் என்பது மேலிடம் கூறிய காரணம். நாம் இதனை ஏற்கவில்லை. அவ்வாறு குறிக்கப்பட்டோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். (குண்டுக்கு இரையான நகர மக்களின் துயரம் இதனினும் பெரிது, அது தனியே பேசத்தக்கது.) இழப்புக் கணக்கு அதிகாரிகளின் மேசையிலும் இருந்தது. களைத்தவனுக்கு ஓய்வளித்திருக்கலாம். எஞ்சியோரை மீண்டும் விமானமேறச் செய்தது பழிக்கஞ்சிய நாணம் மட்டுமன்று. உடன்வரும் அறுவரைக் கைவிட மனமின்மையே பெரிதும் என்பது நம் கருத்து.