விண்ணப்பம் தள்ளுபடியானால் உரிமையும் தள்ளுபடியா?

மும்பையில் ரேஷன் கார்டுக்கு மனுப்போட்டு, "ரிஜெக்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பும் நம்மவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பியவர் அடுத்து எங்கே போகிறார்? தரகர் வீட்டுக்கு! சட்டம் இலவசமாகத் தந்த வழியை விட்டுவிட்டு, ஒரு வாரக் கூலியைத் தரகன் கையில் கொட்டுகிறோம்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்கிறது. அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் அது விலையில்லாமலே தரப்படுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 25 கிலோ என்பது சிறிய விஷயமா? வாடகையும் கொடுத்து, பிள்ளைகளையும் படிக்க வைக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்.

காரணங்களில் நமக்கென்றே ஒன்று உண்டு. படிவம் "ஆட்நாவ்" கேட்கிறது. தமிழனுக்கு ஏது ஆட்நாவ்? தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். ஆதாரில் மு. செல்வம், வங்கிப் புத்தகத்தில் செல்வம் முத்தையா, பள்ளிச் சான்றில் முத்தையா செல்வம். எழுத்தர் கண்ணுக்கு மூன்று ஆள். சிலர் சாதிப் பட்டத்தை எழுதிக் கட்டத்தை நிரப்புகிறார்கள். 1929 செங்கற்பட்டு மாநாட்டில் தூக்கி எறியச் சொன்ன பட்டத்தை, அரிசிக்காக மும்பையில் மீண்டும் சுமப்பதா? தகப்பன் பெயரை முழுதாக எழுதி, எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி திருத்திக்கொள்வதே மானமுள்ள வழி. வேலையும் அதில்தான் நடக்கும். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் வீட்டின் மூத்த பெண்ணின் பெயர் இருக்கட்டும். சட்டத்தின் 13-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

மற்றொரு காரணம் ஊர் அட்டை. ஊர் அட்டையில் பெயர் இருக்கும்வரை இங்கே புது அட்டை கிடையாது. ஒரே நாடு ஒரே அட்டைத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டு அட்டை முன்னுரிமை அட்டையாகவோ அந்தியோதயாவாகவோ இருந்தால்தான் இங்கே தானியம் வாங்கலாம். முன்னுரிமையற்ற அட்டை தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். முதலில் உங்கள் அட்டை எந்த வகை என்று பாருங்கள். இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் தங்கள் பெயரை மட்டும் நீக்கிச் சான்று வாங்கலாம். ஊரிலிருக்கும் பெற்றோரின் அட்டையில் கைவைக்க வேண்டியதில்லை.

"ரிஜெக்ட்" என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். மகாராஷ்டிரத்தின் 2015 பொதுச் சேவை உரிமைச் சட்டப்படி மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உணவுச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் உண்டு. குறைதீர் அலுவலர் பரிந்துரைத்ததைக் காரணமின்றிச் செய்யாத ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இவ்வளவும் காகிதத்தின் மீது நிற்கும் உரிமை. காகிதம் இல்லாதவனுக்கு மேல்முறையீடும் இல்லை.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் "கோட்டா முடிந்தது" என்றால்? அங்கேதான் இது அரசியல் ஆகிறது. நகரங்களில் 50 விழுக்காட்டினருக்கு என்ற வரம்பு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. 2021 கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவேயில்லை. 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கும் பசிக்கும் அல்லவா? இ-ஷ்ரம் பதிவு பெற்றும் அட்டையில்லாத தொழிலாளர்களுக்கு அட்டை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலிலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் காட்டி வட்டத்துக்கு வட்டம் கேள்வி கேட்க வேண்டியது சங்கங்களின் வேலை. வாக்குக் கேட்டுச் சாலுக்குள் வரும் வேட்பாளரிடமும் இதைக் கேட்போம். மறுப்புத் தாள்களைக் கட்டாக வைத்துக்கொண்டு கேட்போம்.