காதுக்குள் அளந்து கொடுங்கள்

முகாமில் வாங்கிய காதொலிக் கருவியைப் பெரியவர்கள் பலர் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். “ஒரே இரைச்சல்” என்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை; கருவியை அவரவர் காதுக்கு ஏற்ப அளந்து பொருத்தாததில்தான் இருக்கிறது.

ஆடியோமெட்ரி சோதனை, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்தெந்த ஒலிக்குக் காது மங்கியிருக்கிறது என்று காட்டும். ஆனால் காதின் துவாரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். குழந்தைக்கு அது மிகச் சிறியது. அதே கருவியின் ஒலி அங்கே இன்னும் ஓங்கி விழும். செவிப்பறை அருகே மெல்லிய குழாயைச் செலுத்தி, கருவி தரும் ஒலியை அங்கேயே அளந்தால்தான் உண்மை தெரியும். சில நிமிட வேலைதான். கருவியைப் பொருத்த உதவும் கணினியின் கணிப்பை மட்டும் நம்பி இதைத் தவிர்ப்பது தவறு.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் காதொலிக் கருவி வழங்கும்போதே இந்த அளவீட்டையும், பின்னர் வரவழைத்துச் சரிசெய்வதையும் கட்டாயமாக்க வேண்டும்.