பெட்டி போய்விட்டது என்னும் வாக்கியம்

பழைய கார் ஒன்று ஓட மறுக்கும்போது இன்றைய பணிமனைகளில் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: “ஈ.சி.எம். போயிடுச்சு சார்.” சொல்பவர் காரணம் சொல்வதில்லை, கேட்பவரும் காரணம் கேட்பதில்லை. இலக்கிய நண்பர்களிடம் புழங்கும் வேறொரு வாக்கியமும் உண்டு: கார்களுக்குள் கணினி புகுந்தது, கைவினைஞன் செத்தான். முதலாவது வணிகத்தின் குரல், இரண்டாவது ஏக்கத்தின் குரல். ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்தப் பெட்டிக்குள் இருப்பது நம்மால் அறிய முடியாத ஒன்று என்று நம்மை நம்பவைக்கின்றன. இவ்விரண்டுக்கும் எதிராகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். கிராங்க் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, குளிர்நீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பவற்றைச் சென்சார்கள் வழியே அது தெரிந்துகொள்கிறது. அதைக்கொண்டு இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும், பிளக்கில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவெடுக்கிறது. அவ்வளவுதான். உள்ளே ஒரு செயலி, நினைவகச் சில்லுகள், சில டிரான்சிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், அவற்றைப் பிணைக்கும் ஈயப் பற்றுகள். தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து பழுது பார்த்த சமூகத்துக்கு இதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

ஏக்கக்காரர்களுக்கு ஒரு சொல். கார்புரேட்டர் காலத்து மேஸ்திரி காதால் கேட்டே எஞ்சினைச் சரிசெய்தார் என்று எழுதுகிறார்கள். செய்தார்தான். ஆனால் அந்தச் செவித்திறனோடு சேர்ந்து காற்றில் கலந்த புகையைப் பற்றி அவர்கள் எழுதுவதில்லை. 1999இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் யூரோ நெறிமுறைகளை வலியுறுத்தியதும், அடுத்த சில ஆண்டுகளில் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்ததும் யாருடைய சதியும் அல்ல. மக்களின் நுரையீரலுக்காக நடந்தவை. மேலும், டியூனிங் செய்யும் நேரம் பார்த்துச் சீடப் பையனைத் தேநீர் வாங்க அனுப்பிய மேஸ்திரிகளும் அந்தப் பொற்காலத்தில் இருந்தார்கள். அறிவைப் பூட்டிவைப்பது கணினியோடு வந்த நோய் அன்று.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். என்னிடம் 2004இல் பதிவான பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அது உதறத் தொடங்கியது. பணிமனை மொழியில் சொன்னால், ‘மிஸ்ஸிங்’. நான்கு சிலிண்டர்களில் இரண்டு வேலை செய்யவில்லை. பெரிய சேவை மையம் ஒன்றில் அரைமணி நேரம் பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பை வழங்கினார்கள். பெட்டி போய்விட்டது, புதியதன் விலை வண்டியின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல், அதுவும் வருமா என்பது உறுதியில்லை, வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது எடுங்கள். எது பழுது என்று எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்ற கேள்விக்குக் கிடைத்தது ஒரு புன்னகை மட்டுமே.

அதே காரைச் சாலையோரக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தார். அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வாதமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்தார். எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயர்களைக் கழற்றித் துரு நீக்கி மாட்டினார். ஃபியூஸ், மெயின் ரிலே, பெட்டிக்கு வரும் மின்சாரம் ஆகியவற்றைச் சோதித்தார். சாவியைத் திருப்பியதும் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறதா, சென்சார்களுக்குப் பெட்டி தரவேண்டிய 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

பிறகு தீப்பொறிக்குப் போனார். அந்த வண்டியில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு காயில் என்ற கணக்கில் இரண்டு காயில்கள். ஒன்றின் முதன்மைச் சுற்றில் இருக்கவேண்டிய மின்தடை இல்லை. உள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தது. வேறொருவராயிருந்தால் காயிலை மாற்றிவிட்டுக் காசு வாங்கியிருப்பார். அவர் மேலும் ஒரு படி போனார். நல்ல காயிலை மாட்டியும் பெட்டியிலிருந்து அதற்கு வரவேண்டிய துடிப்பு வரவில்லை. இடையிலுள்ள ஒயர் அறுந்திருக்கிறதா என்று கப்ளரிலிருந்து காயில் வரை அளந்தார்; அறுபடவில்லை. அதன் பிறகே பெட்டியைத் திறந்தார். அந்தக் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகியிருந்தது.

ஆக, பெட்டி பழுது என்பது உண்மைதான். ஆனால் சேவை மையம் சொன்னதும் அவர் கண்டதும் ஒன்றாகிவிடுமா? ஷார்ட் ஆன காயில் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து டிரான்சிஸ்டரை எரித்தது. காயிலை விட்டுவிட்டுப் புதுப் பெட்டியை மட்டும் மாட்டியிருந்தால் புதியதும் எரிந்திருக்கும். பெட்டியின் சாவு விளைவு. காரணம் வேறிடத்தில் இருந்தது. நோயையும் நோய் முதலையும் தேடிய பிறகே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறையை மேடைதோறும் முழங்கும் நாம், அதைக் கைத்தொழிலாகக் கொண்டவரைப் பார்த்தால் ‘மெக்கானிக்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

எங்கள் துறையிலிருந்து ஓர் ஒப்புமை. பழைய ஏட்டில் ஓர் அடி பொருள்படவில்லை என்றால் மோசமான பதிப்பாசிரியர் உடனே ‘பாடம் சிதைந்தது’ என்று குறிப்பெழுதித் தன் விருப்பப்படி திருத்திவிடுவார். நல்ல பதிப்பாசிரியர் கடைசியில்தான் ஏட்டைக் குறை சொல்வார். முதலில் தான் படித்த எழுத்து சரியா, சொற்பிரிப்பு சரியா, வேறு பிரதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பார். சிதைந்தது என்று முடிவு செய்தாலும், எப்படிச் சிதைந்திருக்கும் என்று விளக்குவார். சாலையோரக் கடையில் நடந்தது பாட ஆராய்ச்சி. குளிரூட்டப்பட்ட கூடத்தில் நடந்தது திருத்தல் வாதம்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். டிரான்சிஸ்டர் மட்டுமல்லாமல் அதன் கீழிருந்த பலகையும் கருகியிருந்ததால் வேறு பெட்டி தேவைப்பட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் உடைக்கப்பட்ட காரொன்றிலிருந்து அதே பாக எண் கொண்ட பெட்டி கிடைத்தது. மாட்டினால் எஞ்சின் உயிர் பெறவில்லை. காரணம் பழுதன்று, பூட்டு. சாவிக்குள் இருக்கும் சில்லின் அடையாளத்தைப் பெட்டி தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அடையாளம் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓட அனுமதி இல்லை. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. இணைப்பை மாற்றும் கருவியும் குறியீடும் நிறுவனத்தின் வலைக்குள் மட்டுமே இருந்தன. எலக்ட்ரீஷியன் பழைய பெட்டியின் எட்டுக்கால் நினைவகச் சில்லிலிருந்த தகவலைப் படித்துப் புதியதன் சில்லில் எழுதினார். வண்டி ஓடியது. சட்டப்படி எனக்குச் சொந்தமான காரில், எனக்குச் சொந்தமான சாவியால், எனக்குச் சொந்தமான எஞ்சினை இயக்க இத்தனை சுற்றுவழி. இதைத்தான் கேட்கிறேன்: ஒரு பொருளை விற்ற பிறகும் அதன் கதவைத் தன் இடுப்பில் செருகி வைத்திருப்பவனை விற்பனையாளன் என்பதா, நிலச்சுவான்தார் என்பதா?

இது என் ஒருவனின் புலம்பல் அன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப்பட்ட பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதே குற்றம். அபராதம் மேல்முறையீடுகளுக்குள் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு தளமும் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமோ 2012லேயே இதற்கெனச் சட்டம் இயற்றிவிட்டது. அந்த ஒரு மாநிலத்தின் சட்டம் கண்டே நிறுவனங்கள் 2014இல் நாடு முழுவதற்குமான உடன்பாட்டுக்கு வந்தன. நிறுவனங்கள் தாமாக மனம் திருந்துவதில்லை, சட்டம் திருத்துகிறது.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். குறியீட்டைத் திறந்துவிட்டால் திருடனுக்கு வசதி என்பார்கள். அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களைப் பதிவேட்டில் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் சாவிக் குறியீடுகளைத் தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் சரிபார்க்கத் தெரிந்த நாட்டில் அது முடியாத காரியமா? பெட்டியைத் தொட்டால் மாசு கூடும் என்பார்கள். உள்ளிருக்கும் எரிபொருள் கணக்கை மாற்றுவது வேறு. அதே எண் கொண்ட பெட்டிக்கு அதே அடையாளத்தை மாற்றுவது வேறு. எரியாத பெட்ரோலைப் புகைக்குழாயில் தள்ளி வினைவேக மாற்றியைப் பாழாக்குவது, சரிசெய்யப்படாத மிஸ்ஸிங் வண்டிதான். பழைய கார்கள் ஒழிந்தால் நல்லதுதானே என்பார்கள். ஒழியட்டும், வயதாகி ஒழியட்டும். ஒரு காயில் கெட்டதற்காக ஒரு டன்னை நெருங்கும் இரும்பும் கண்ணாடியும் குப்பைக்குப் போவதை எந்தச் சூழலியல் ஏற்கும்?

கடைசியாக நம்மவர்களிடம் ஒரு வழக்கு. இந்தியாவில் 2010க்குப் பிறகே கார்களில் உள்ளமைந்த பழுதறி முறை படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றோடு பொதுவான ஸ்கேனர்கள் பேசுவதில்லை. அவற்றைப் பற்றிய அறிவு ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. எந்தக் கால் எர்த், எந்த ஒயர் காயிலுக்கு, எந்தச் சில்லில் சாவியின் அடையாளம் என்பவை சிகரெட் அட்டையின் பின்புறமும் கைப்பேசிப் படங்களிலும் கிடக்கின்றன. நாமோ ‘இயந்திரக் கட்டுப்பாட்டகம்’ என்று சொல்லாக்கி அகராதியில் அடைத்துவிட்டுத் தமிழ் வளர்ந்துவிட்டது என்று மகிழ்கிறோம். கப்ளர், எர்த், மிஸ்ஸிங் என்னும் சொற்களால் ஒரு தொழில் முழுவதையும் தமிழில் சிந்தித்துக்கொண்டிருப்பவரிடம் ஒருநாளும் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டதில்லை. ஏடுகள் செல்லரித்தன என்று நூறாண்டுகளாக அழுதுவருகிறோம். இப்போது செல்லரித்துக்கொண்டிருக்கும் ஏடுகள் மனிதர்களாக நம் தெருமுனையில் நிற்கின்றன.

எனவே என் கோரிக்கைகள் எளியவை. பழுதின் காரணத்தை எழுத்தில் தராமல் பெட்டியை மாற்றச் சொல்லும் பணிமனைக்குப் பணம் தராதீர்கள். மின்சுற்று வரைபடமும் இணைப்புக் குறியீடும் விற்ற பொருளின் பகுதி என்று சட்டம் சொல்லட்டும். தமிழ்த்துறை மாணவர்கள் ஆண்டுதோறும் அரைக்கும் ஆய்வேட்டுத் தலைப்புகளில் ஒன்றையாவது சாலையோரக் கடையின் அறிவைப் பதிவு செய்வதற்கு ஒதுக்குவோம். அடுத்த முறை ஒருவர் “பெட்டி போயிடுச்சு” என்றால், எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க இயந்திரவியல் பட்டம் தேவையில்லை.