அரட்டை என்று இகழ வேண்டா

அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் வழங்கப்படும் வேளையில் நம்மில் யாரேனும் ஒருவர் தவறாமல் எடுத்துப் பேசும் பொருள் ஒன்று உண்டு. அது கைப்பேசி. "இக்காலத்துப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதில்லை, எங்கோ இருப்பவரோடு விடிய விடிய அரட்டை அடிக்கிறார்கள், நட்பு என்னும் சொல்லே மலிந்துவிட்டது" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். சுற்றியிருப்போர் தலையசைக்கின்றனர். இதே புலம்பலை மறையுரைகளிலும் கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகிவிட்டன. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு வழங்குவது நீதியன்று. ஆகவே இத்தீர்ப்பை மறுத்து எழுதத் துணிகிறோம். மறுப்பதோடு நில்லாமல், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் யார் என்றும் கேட்க விரும்புகிறோம்.

வழக்கைச் சிறுசேரியில் வைத்தே விசாரிப்போம். பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைக் கடந்து, கேளம்பாக்கத்தை எட்டும் முன்னர் வரும் ஊர் இது. கிழக்கே சற்றுத் தொலைவில் உப்பளங்களும் அவற்றுக்கு அப்பால் கோவளத்துக் கடலும் இருக்கின்றன. மேற்கே 'சிப்காட்' தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. சிற்றூராய்க் கிடந்த இடம் ஒரே தலைமுறைக்குள் பல்லாயிரம் இளைஞரின் பணியிடமாக மாறிவிட்டது. இவ்விளைஞர் யாவர்? தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்கள். அவர்களுள் நம் பங்குகளின் பிள்ளைகளும் பலர். நேற்றுவரை பீடச் சிறுவராய் மணியடித்தவர்கள், பாடகர் குழுவில் நின்று பாடியவர்கள், மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கியவர்கள். இன்று அவர்கள் ஓர் அறையில் மூவராகவோ நால்வராகவோ தங்கி, மேலைநாட்டின் பகலுக்கேற்பத் தம் இரவை விழித்துக் கழிக்கின்றனர். அவர்களுள் பலருக்கு ஞாயிறும் பணிநாளே. பக்கத்து அறையில் இருப்பவரின் முறைநேரம் வேறு. ஆகையால் ஒரே கூரையின்கீழ் இருந்தும் முகம் பார்ப்பது அரிது.

இத்தகையோர் கைப்பேசியில் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? கல்லூரித் தோழர் பதினைந்து பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றை, அவர்தம் இசைவோடு ஒருநாள் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. "சாப்பிட்டாயா?" என்று ஒருவர். "மெஸ்ஸில் இன்றைக்கும் அதே சாம்பார்" என்று மற்றொருவர். "அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாம், ஊருக்குப் போக விடுப்பு தர மறுக்கிறார்கள்" என்று ஒருத்தி. "என் விடுப்பை மாற்றித் தருகிறேன், நீ கிளம்பு" என்று அதே அலுவலகத்தில் பணியாற்றும் இன்னொருத்தி. நடுவே கேலி, கிண்டல், திரைப்பட வம்பு. நள்ளிரவு கடந்து ஒன்றே முக்காலுக்கு ஒரு சொல்: "சேர்ந்துவிட்டேன்." அதற்கு மூன்று பேர் உடனே விடை அனுப்பியிருந்தனர். அந்நேரம்வரை அவர்கள் உறங்காது காத்திருந்தனர் என்பதே அதன் பொருள்.

அந்த ஒற்றைச் சொல்லின் எடை சிறுசேரியில் வாழ்வோர்க்குத் தெரியும். 2014 பிப்ரவரி 13 அன்று இரவு, பணி முடித்துப் புறப்பட்ட இளம் பெண் பொறியாளர் ஒருவர் தம் இருப்பிடம் போய்ச் சேரவில்லை. ஒன்பது நாட்களுக்குப் பின்னர், பிப்ரவரி 22 அன்று, அப்பகுதியின் புதர்களுக்கிடையே அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியின் நினைவு மாறாத சாலையில், ஒரு பெண் "சேர்ந்துவிட்டேன்" என்று எழுதுவதும் அதற்காக மூவர் விழித்திருப்பதும் வெட்டி அரட்டையா? நம் பாட்டிமார் திண்ணையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வழிபார்த்தது எதற்காகவோ, அதற்காகவே இவர்களும் விழித்திருக்கிறார்கள்.

பேரிடர் வந்தபோது இந்த 'அரட்டைக்காரர்' என்ன செய்தனர் என்பதும் நாடறிந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. செம்மஞ்சேரியின் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. எந்த வீட்டின் மாடியில் முதியவர் சிக்கியிருக்கிறார், எங்கே கைக்குழந்தைக்குப் பால் இல்லை, யார் தம் வீட்டில் எத்தனை பேருக்கு இடம் தருவார் என்னும் பட்டியல்களை இளைஞர் கணினியில் தொகுத்து, ஒருவர்க்கொருவர் அனுப்பி, மணிக்கு மணி திருத்தினர். கடற்கரை மீனவர் தம் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்தனர். படகோட்டும் திறன் மீனவருடையது. எங்கே ஓட்ட வேண்டும் என்னும் முகவரி பலவேளை இத்தகைய நட்புக் குழுக்களிலிருந்து வந்தது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், நம் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளர் உயிரிழந்தனர். ஆக்சிஜன் குறைவே காரணம் என்று உறவினர் கதற, அதிகாரிகள் அதனை மறுத்தனர். அந்த நாட்களில் ஒரு படுக்கைக்கும் ஓர் உருளைக்கும் அலைந்தவர்களுக்காக, முன்பின் அறியாத இளைஞர் இரவெல்லாம் தொலைபேசியில் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துக் கேட்டுக் கொடுத்தனர். ஆலயங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. அயலாரை நேசிக்கும் கட்டளைக்கு மட்டும் ஊரடங்கு இல்லை என்பதை இவர்களே நமக்கு நினைவூட்டினர்.

"நேரில் காணாத நட்பு எப்படி நட்பாகும்?" என்று கேட்போர் தமிழ் மரபை மறந்தே கேட்கின்றனர். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் நட்பையே உயர்ந்த நட்புக்குச் சான்றாக நம் உரையாசிரியர் காட்டினர். திருச்சபையின் மரபும் இதற்கு மாறானதன்று. திருத்தூதர் பவுல் தாம் அதுவரை கால் வைத்திராத உரோமை நகரின் கிறிஸ்தவருக்கு மடல் எழுதி, அதன் இறுதியில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். 1545இல் மயிலாப்பூரில் தங்கிச் செபித்த புனித சவேரியார், கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றபோது, உரோமையிலிருந்த தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்மோடு சுமந்து திரிந்தார். கடிதம் கைக்கு வர ஓராண்டோ ஈராண்டோ ஆகும் காலம் அது! ஒரு துண்டுத் தாளில் நண்பரின் முகத்தைக் கண்ட அப்புனிதர், இன்று கைப்பேசித் திரையைப் பார்த்துக் கண்கலங்கும் பிள்ளையை எள்ளி நகையாடியிருப்பாரா?

திருச்சபையின் ஆசிரியமும் நம்மைப்போல் அவசரப்படவில்லை. 1963இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், புதிய தொழில்நுட்பத்தால் பிறக்கும் உறவுகளையும் நட்பையும் பற்றியே பேசினார். சமூக ஊடகம் குறித்து 2023இல் வத்திக்கான் வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, நல்ல சமாரியர் உவமையையே தன் அடிப்படையாகக் கொண்டது. வழியில் கிடப்பவர் நம் கண்ணில் படுகிறாரா, பட்ட பின்னர் நாம் அருகே செல்கிறோமா என்பதே அங்கு அளவுகோல்.

இனி மறுதரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "இதே கைப்பேசிதானே கொலையும் செய்தது?" என்பர். உண்மை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வருகிறார்கள் என்னும் பொய்ச் செய்தி வடமாவட்டங்களில் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தது. அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்க, மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். இந்த இரத்தத்தை நாம் மறைக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தப் பொய்யைச் சுமந்தது நண்பர் பேச்சு அன்று, கண்மூடித்தனமான பரப்புரை. பேசுவது வேறு, பரப்புவது வேறு. பேசுகிறவன் தன் சொல்லைச் சொல்கிறான். அதற்கு அவனே பொறுப்பு. கேட்பவர் இன்னார் என்று அறிந்தே சொல்கிறான். பரப்புகிறவன் யாரோ சொன்னதை யார் யாருக்கோ தள்ளிவிடுகிறான். அந்த ஆண்டிலேயே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தியதும் இப்பரப்புதலைத்தான். "சாப்பிட்டாயா?" என்னும் கேள்வியைக் கட்டுப்படுத்த எவரும் நினைக்கவில்லை.

இப்போது நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்வோம்: நம் பங்குக் குழுக்களில் நடப்பது பேச்சா, பரப்புதலா? விடியற்காலையில் ரோசாப்பூவோடு காலை வணக்கம். இன்னின்னாருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும், அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்னும் அச்சுறுத்தல். மாற்றுச் சமயத்தாரைப் பற்றிய ஆதாரமற்ற வசை. ஒரு நாளைக்கு நூறு செய்தி வந்து குவிகிறது. அவற்றுள் "உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்பது எத்தனை? இளைஞரின் பேச்சை அரட்டை என்று பழிக்கும் நாம், அந்த அரட்டைக்குரிய அக்கறையைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

நாம் அறிந்த இளம்பெண் ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்வோம். இச்சாலையோரத்துப் பங்கு ஒன்றில் ஈராண்டுகள் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வந்தாள். ஒரே தூணருகே நின்றாள். அவள் பெயரை எவரும் கேட்கவில்லை. டெங்கு காய்ச்சலில் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அவளை எவரும் தேடவில்லை. கோவையிலும் பெங்களூருவிலும் துபாயிலும் இருந்த தோழியர் குழுவில் பேசி, சென்னையில் இருந்த ஒருத்தியின் அண்ணனை அனுப்பிவைத்தனர். அவன் வந்து கட்டணம் கட்டினான். இருவேளை கஞ்சி கொண்டுவந்தான். அவன் இந்து. உடல்நலம் தேறி ஆலயத்துக்கு மீண்டவளிடம் முதன்முதலாக ஒருவர் பேசினார். "பூசை நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காதே, பாப்பா" என்றார். அவள் சினங்கொள்ளாமல் இதைச் சொல்லிச் சிரித்தாள். நமக்கோ சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இரண்டு தூண்கள் தள்ளி நாமும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். இயேசுவிடம் அவரைக் கொண்டுசெல்ல வழியில்லை. வழியை அடைத்து நின்றவர் யார்? பகைவர் அல்லர், இறைவார்த்தை கேட்க வந்த பக்தர் கூட்டம்! நால்வரும் கூரையைப் பிரித்து நண்பரை இறக்கினர். ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டாரேயன்றி, கூரை பிரிந்ததைக் குறைகூறவில்லை. கைப்பேசிக் குழு இன்றைய இளைஞர் பிரித்த கூரை. ஏன் பிரித்தீர்கள் என்று கேட்குமுன், வாயிலை அடைத்து நிற்கும் நாம் சற்று ஒதுங்கி வழிவிடலாகாதா?

இளைஞருக்கும் ஒரு சொல் உண்டு. திரையில் தொடங்கிய நட்பைத் திரையிலேயே நிறுத்திவிடாதீர்கள். புனித யோவான் தம் சிறு மடல்களின் முடிவில், எழுத வேண்டியது இன்னும் மிகுதி என்றும், தாளும் மையும் போதா, நேரில் வந்து பேசவே விழைகிறேன் என்றும் கருத்துப்பட எழுதுகிறார். எழுத்தை அவர் இகழவில்லை. எழுதி முடித்த பின்னரே அவ்வாறு சொன்னார். குழுவில் நாள்தோறும் பேசியவர் ஒரு வாரமாய் வாய் திறக்கவில்லையெனில், அழும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அமைதி கொள்ளாதீர்கள். அவர் கதவைத் தட்டுங்கள். தொலைவில் இருந்தால், தட்டக்கூடிய ஒருவரைத் தேடி அனுப்புங்கள். அந்தத் தோழியர் செய்தது இதைத்தான்.

பங்குகளின் கடமையோ இன்னும் எளியது. இரவுப் பணி முடித்து வருவோர்க்கு ஏற்ற நேரத்தில் ஒரு திருப்பலி, விடுதிகளில் தங்கியிருப்போர்க்கென ஓர் அன்பியம், திருப்பலி முடிந்ததும் புதுமுகத்திடம் "நீ எந்த ஊர், தம்பி? எங்கே தங்கியிருக்கிறாய்?" என்று கேட்கும் ஓர் அண்ணன், ஓர் அக்காள். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆகும் செலவுகூட இல்லை.

வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் தன் அருகில் பிசிராந்தையாருக்கென ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். காணாத நண்பர் வருவாரா என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். சோழன் ஐயுறவில்லை. இடம் ஒதுக்கப்பட்டது, புலவரும் வந்தார். சிறுசேரியின் இளைஞர் தம் நண்பருக்கு அத்தகைய இடத்தைத் தம் இரவுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஆலயத்து இருக்கைகளில் அவர்களுக்கென நாம் ஒதுக்கி வைத்த இடம் எது? வரும் ஞாயிறு மாலை, தூணருகே நிற்கும் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டு வந்து, பிறகு அரட்டையைப் பற்றிப் பேசுவோம்.